எஞ்சின் மனிதரைப் போலத் தவறு செய்யுமா? 1400 மட்டத்துப் பயிற்சிக்கு வழி என்ன?

கறுப்புக்குதிரை (கேள்வி)

லிச்செஸ் என்ற இணையச் செஸ் தளத்தின் ரேட்டிங்கில் 1400ஐ ஒட்டி ஆடுகிறவர்கள் பயிற்சி எடுக்க, அதே மட்டத்தில் ஆடும் புரோகிராம் ஒன்றை அமைக்க வேண்டும். பலம் குறைந்தால் மட்டும் போதாது. அது செய்யும் தவறு, அந்த மட்டத்தில் ஆடும் ஒரு மனிதர் செய்யக்கூடிய தவறாக இருக்க வேண்டும்.

ஸ்டாக்ஃபிஷ் என்ற செஸ் எஞ்சினில், பலத்தைக் குறைக்கும் ஸ்கில் லெவலை 3, 4 என்று வைத்தால் பத்துப் பன்னிரண்டு நகர்வுகள் ஒழுங்காக ஆடுகிறது. பிறகு காரணமே இல்லாமல் ஒரு குதிரையைத் தூக்கிக் கொடுக்கிறது. அடுத்த நகர்விலிருந்து மறுபடி ஒழுங்கான ஆட்டம். ஈலோ (ரேட்டிங்) வரம்பை 1400க்கு வைத்தாலும் இதே கதைதான். லெவலைத் தொடாமல் தேடல் ஆழத்தை 2, 3 என்று கட்டினால் காயை இலவசமாகக் கொடுப்பதில்லை. ஆனால் எந்தத் திட்டமும் இல்லாமல் காய்களை முன்னும் பின்னும் நகர்த்துகிறது. இப்படிப்பட்ட எதிராளியோடு ஆடினால், அழுத்தம் கொடுத்துத் தவறை வரவழைக்கும் பழக்கம் வளராது. தவறு தானாக விழும்வரை காத்திருக்கும் பழக்கம்தான் வளரும்.

மனித ஆட்டங்களிலிருந்து கற்ற மாயா மாடல்கள் இதற்குத் தீர்வு என்று படித்தேன். அவை உண்மையிலேயே மனிதரைப் போல ஆடுகின்றனவா? எந்த அமைப்பில் ஓட்டினால் பெயரில் இருக்கும் ரேட்டிங்குக்கும் பலகையில் தெரியும் பலத்துக்கும் பொருத்தம் வரும்?


நிரல்வாணன்

ஸ்டாக்ஃபிஷ் ஏன் அப்படி ஆடுகிறது என்பதற்கு அதன் மூலநிரலிலேயே பதில் இருக்கிறது. ஸ்கில் லெவல் 20க்குக் கீழே போனதும் எஞ்சின் குறைந்தது நான்கு நகர்வுகளைத் தரவரிசைப்படுத்திக்கொள்ளும். தேடல் ஆழம், லெவலோடு ஒன்றைக் கூட்டிய எண்ணை எட்டும்போது (லெவல் 3 என்றால் ஆழம் 4இல்) அந்த நான்கில் ஒன்றைப் பொறுக்கும். பொறுக்கும் விதத்தில்தான் கோளாறு. ஒவ்வொரு நகர்வின் மதிப்போடும் இரண்டு தொகைகள் சேர்கின்றன. சிறந்த நகர்வைவிட அது எவ்வளவு மோசமோ, அந்த வித்தியாசத்தில் ஒரு பங்கு முதல் தொகை. ஒரு சிப்பாய் மதிப்பைத் தாண்டாத தற்செயல் எண் இரண்டாவது. அந்தப் பங்கு எவ்வளவு என்றால் 120இலிருந்து லெவலின் இரு மடங்கைக் கழித்து 128ஆல் வகுத்தது.

லெவல் 3க்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள்: 114/128, அதாவது 89 சதவீதம். குதிரையை இழக்கும் நகர்வு மூன்று சிப்பாய் அளவுக்கு மோசம் என்றால், அந்த மூன்றில் 89 சதவீதம் அழிக்கப்பட்டு மூன்றில் ஒரு சிப்பாய் வித்தியாசம்தான் மிஞ்சும். அதைத் தற்செயல் எண் எளிதாகத் தாண்டிவிடும். உங்கள் பதிமூன்றாவது நகர்வில் குதிரை போனது இப்படித்தான். லெவல் 0இல் ஒன்பது சிப்பாய் வித்தியாசம்கூட அரைச் சிப்பாய்க்குச் சற்று மேலாகச் சுருங்கிவிடும். அதனால் ராணியை ராணியால் வெட்டிய பிறகு திருப்பி வெட்டாமல் ஓரத்துச் சிப்பாயைத் தள்ளுவதும் நடக்கும். ஆட்டம் கற்றுக்கொண்ட முதல் மாதத்திலேயே மனிதர்கள் திருப்பி வெட்டப் பழகிவிடுகிறார்கள். நிலை எளிதா சிக்கலா, எதிராளி மிரட்டுகிறாரா இல்லையா என்பது எதுவும் அந்தச் சூத்திரத்துக்குள் நுழைவதே இல்லை. ஈலோ வரம்பு ஆப்ஷனும் உள்ளே ஸ்கில் லெவலாகத்தான் மாற்றப்படுகிறது. அந்த எண் எஞ்சின்களை எஞ்சின்களோடு மோதவிட்டு அளந்தது.

ஆழத்தைக் கட்டுவதில் வேறு சிக்கல். ஆழம் 1 என்றாலும் வெட்டும் நகர்வுகளை அவை தீரும்வரை எஞ்சின் தொடர்ந்து பார்க்கும். ஆகவே கைக்கெட்டிய காயை விடவே விடாது. மூன்று நகர்வுக்கு அப்பாலுள்ள ராஜா பக்கத் தாக்குதல் மட்டும் அதற்கு இல்லாத ஒன்று. 1400 ஆட்டக்காரர் நேர்மாறு: தாக்குதல் வருவதை உணர்வார், நடுவில் ஒரு பிஷப்பைக் கவனிக்காமல் விடுவார்.

மாயா வேறு வழியில் போகிறது. டொராண்டோ, கார்னெல் பல்கலைக்கழகங்களும் மைக்ரோசாஃப்ட் ரிசர்ச்சும் சேர்ந்து 2020இல் வெளியிட்டவை அவை. லீலா என்ற இன்னொரு செஸ் எஞ்சினின் நரம்பு வலைக் கட்டமைப்பை எடுத்து, 'வெல்லும் நகர்வு எது' என்று கற்பிப்பதற்குப் பதில் 'இந்த ரேட்டிங்கில் உள்ளவர் இங்கே எதை ஆடினார்' என்று கற்பித்தார்கள். 1100 முதல் 1900 வரை ஒன்பது மாடல்கள். ஒவ்வொன்றுக்கும் லிச்செஸ்ஸிலிருந்து 1.2 கோடி ஆட்டங்கள். தத்தம் ரேட்டிங்காரரின் நகர்வை அவை ஏறத்தாழ பாதி இடங்களில் சரியாகச் சொல்கின்றன. பலம் குறைக்கப்பட்ட ஸ்டாக்ஃபிஷ் இதில் 40 சதவீதத்தை ஒட்டியே நின்றுவிடுகிறது. பாதிதானா என்று தோன்றலாம். ஒரே ரேட்டிங்கில் இரண்டு மனிதர்கள் ஒரே நிலையில் ஒரே நகர்வை ஆடுவதும் உறுதியில்லை என்பதை நினைத்தால் அது பெரிய எண்.

அமைக்கும் முறை: லீலா எஞ்சினை இறக்குங்கள். மாயா 1400க்கான எடைக் கோப்பை (வலை கற்றது அடங்கிய கோப்பு) அதன் வெயிட்ஸ் ஃபைல் ஆப்ஷனில் கொடுங்கள். கிராஃபிக்ஸ் கார்டு தேவையில்லை, வலை மிகச் சிறியது, சாதாரண பிராசஸருக்கான பேக்கெண்ட் போதும். பிறகு தேடலை ஒரே ஒரு நோடுக்கு, அதாவது பலகையில் இப்போதுள்ள நிலையை மட்டும் பார்ப்பதற்கு, கட்ட வேண்டும். கியூட்செஸ் என்ற செஸ் மென்பொருளில் நேரக் கட்டுப்பாட்டுப் பெட்டியிலேயே நோட்ஸ் என்ற இடம் உண்டு. எஞ்சினை லிச்செஸ்ஸோடு இணைக்கும் லிச்செஸ்-பாட் நிரலில் ஓட்டினால் அதன் அமைப்புக் கோப்பில், எஞ்சின் பகுதிக்குள் இருக்கும் கோ கமாண்ட்ஸ் என்ற இடத்தில் நோட்ஸ் 1 என்று எழுதுங்கள். பலரும் தவறவிடுவது இதைத்தான். நோடைக் கட்டாமல் நிமிடக் கணக்கில் ஆடவிட்டால் லீலாவின் மரத் தேடல் முழுதாக இயங்கும். பெயர் மாயா 1400 என்றிருக்கும், ஆட்டம் அதைவிட எங்கோ மேலே இருக்கும். பத்து நோடு தேடினாலே மனித நகர்வோடு பொருத்தம் குறைகிறது என்று அதை உருவாக்கியவர்களே சொல்லியிருக்கிறார்கள்.

இன்னொன்று: லிச்செஸ்ஸில் பாட் ஆக ஓட்டுவதென்றால் ஓர் ஆட்டம்கூட ஆடாத புதுக் கணக்கைத்தான் பாட் கணக்காக மாற்ற முடியும்.


பிஷப்ஜோடி

நிரல்வாணன் சொன்ன அமைப்பு சரி. ஆனால் அதை அப்படியே ஓட்டினால் கறுப்புக்குதிரையின் இரண்டாவது கேள்விக்கு விடை கிடைக்காது. மாயா 1400, ஒரு நோடில்கூட 1400ஐவிடப் பலமாகவே ஆடும். லிச்செஸ்ஸில் இருக்கும் 1100 மாடலின் பாட்டும் தன் பெயரைத் தாண்டித்தான் நிற்கிறது.

காரணம், ஒரு நோடில் எஞ்சின் ஆடுவது பெரும்பான்மை நகர்வை. ஒரு நிலையில் 45 சதவீதம் பேர் சரியான நகர்வை ஆடுகிறார்கள், மீதி 55 சதவீதம் பேர் ஐந்து விதமாகத் தவறுகிறார்கள் என்று வையுங்கள். தனி மனிதரை எடுத்தால் பாதிக்கு மேல் தவறு. மாயாவோ எப்போதும் அந்த 45ஐத்தான் தேர்ந்தெடுக்கும். ஆளுக்கொரு தவறு ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விட, மிஞ்சுவது கூட்டத்தின் பொதுக்கருத்து. அது எந்த உறுப்பினரையும்விட நன்றாக ஆடும். கூடவே, ஒரே ஓப்பனிங்கை ஆடினால் ஒரே ஆட்டம் திரும்பத் திரும்ப வரும்.

தீர்வு, நிகழ்தகவின்படி நகர்வைக் குலுக்கி எடுப்பது. இங்கே ஒரு பொறி இருக்கிறது. லீலாவில் டெம்பரேச்சர் என்ற ஆப்ஷன் உண்டு, அதை ஏற்றினால் போதும் என்று நினைக்கத் தோன்றும். அது, தேடலில் ஒவ்வொரு நகர்வையும் எத்தனை முறை பார்த்தது என்ற எண்ணிக்கையை வைத்து வேலை செய்வது. ஒரு நோடில் எந்த நகர்வையும் ஒருமுறைகூடப் பார்த்திருக்காது. ஆகவே டெம்பரேச்சரை எவ்வளவு ஏற்றினாலும் அதே பெரும்பான்மை நகர்வே வரும். வெர்போஸ் மூவ் ஸ்டாட்ஸ் ஆப்ஷனை இயக்கினால் ஒவ்வொரு நகர்வுக்கும் வலை கொடுத்த சதவீதம் வெளியீட்டில் வரும். அதைச் சிறு பைத்தான் நிரலில் வாங்கி நீங்களே குலுக்குங்கள்.

மாயா-2 என்றால் இன்னும் எளிது. 2024இல் வந்தது, ஒன்பது மாடல்களுக்குப் பதில் ஒரே மாடல். நிலையையும் இரு தரப்பு ரேட்டிங்கையும் கொடுத்தால் எல்லா நகர்வுகளுக்கும் நிகழ்தகவும், வெல்லும் வாய்ப்பும் திரும்பி வரும். ரேபிட் (சற்று நிதானமான வேக ஆட்டம்), பிளிட்ஸ் (அதைவிட வேகமானது) என இரண்டு வகை உண்டு. பைத்தான் தொகுப்பாகவே நிறுவலாம்.

குலுக்கும்போது வாலை, அதாவது மிகக் குறைந்த சதவீதம் உள்ள நகர்வுகளை, வெட்ட மறக்காதீர்கள். ஒவ்வொரு நகர்விலும் அபத்தமான நகர்வுகளுக்கெல்லாம் சேர்த்து 2 சதவீதம் போகிறது என்றால், 40 நகர்வு ஆட்டத்தில் ஒரு முறையாவது அபத்தம் வரும் வாய்ப்பு 55 சதவீதம். ஸ்டாக்ஃபிஷில் எதை வெறுத்தோமோ அதுவே பின்வாசலால் வந்துவிடும். 5 சதவீதத்துக்குக் கீழுள்ளவற்றைத் தூக்கிவிட்டு, மீதியை மறுபடி நூறாக்கிக் குலுக்குங்கள். இன்னும் இறுக்க வேண்டுமென்றால் சதவீதங்களை வர்க்கப்படுத்துங்கள்: 60, 30, 10 என்று இருந்தவை ஏறத்தாழ 78, 20, 2 ஆகிவிடும். வர்க்கப்படுத்தியதும் பலம் ஏறும். அதற்கேற்ப கொடுக்கும் ரேட்டிங்கை 100, 200 குறைத்துப் பாருங்கள்.

இப்படிக் குலுக்கியதில் வரும் தவறுகளின் முகத்தைக் கவனியுங்கள். பின்னோக்கி வரும் குதிரையைப் பார்க்காமல் விடுவது, பலகையின் மறுகோடியிலிருந்து நீளும் மூலைவிட்டத்தை மறப்பது, பின்னில் மாட்டிய (நகர்ந்தால் பின்னாலுள்ள ராஜாவோ பெரிய காயோ தாக்கப்படும்) காய் இன்னும் காவல் காக்கிறது என்று நம்புவது, திருப்பி வெட்டுவதற்கு முன் எதிராளி நடுவில் ஒரு செக் வைக்கக்கூடும் என்று நினைக்காதது. கற்பவருக்குத் தேவை இந்தத் தவறுகள்தான். இவற்றை அழுத்தத்தால் வரவழைக்க முடியும்.


மணல்கடிகாரம்

நகர்வைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். கடிகாரத்தை யாரும் தொடவில்லை. மனித ஆட்டத்தின் பாதி அங்கேதான் இருக்கிறது.

மாயாவின் பயிற்சித் தரவில் மிக வேகமான புல்லட் ஆட்டங்களை நீக்கிவிட்டார்கள். மற்ற ஆட்டங்களிலும் 30 விநாடிக்குக் குறைவாக நேரம் இருந்தபோது ஆடிய நகர்வுகளைத் தூக்கிவிட்டார்கள். பதற்றத்தில் ஆடியது அந்த ரேட்டிங்கின் உண்மையான தரத்தைக் காட்டாது என்பது நியாயமான காரணம்தான். விளைவு என்னவென்றால், நேர நெருக்கடி என்பதை அந்த மாடல் அறியவே அறியாது. கடைசி 20 விநாடியிலும் நிதானமாக 1400 நகர்வை, அதுவும் கண் இமைக்கும் நேரத்தில் ஆடும். எதிரில் இருப்பவருக்கு மனிதரோடு ஆடும் உணர்வு அங்கேயே உடைந்துவிடும்.

ஓரளவு சரிசெய்யலாம். மாடல் தரும் சதவீதங்கள் எவ்வளவு பரவியிருக்கின்றன என்று பாருங்கள். முதல் நகர்வுக்கே 90க்கு மேல் என்றால் அது திருப்பி வெட்டுவதோ, ஒரே வழியோ, மனப்பாட ஓப்பனிங்கோதான்; ஒன்றிரண்டு விநாடியில் ஆடவிடுங்கள். நான்கைந்து நகர்வுகள் 15, 20 என்று நெருக்கமாக இருந்தால் அங்கே மனிதர் நின்று யோசிப்பார். மீதமுள்ள நேரத்தில் இருபதில் ஒரு பங்குவரை செலவிடவிடுங்கள். நேரம் 30 விநாடிக்குக் கீழே போனதும் ரேட்டிங்கை 300 இறக்கி, வால் வெட்டும் வரம்பையும் 5இலிருந்து 2க்குத் தளர்த்துங்கள். இது கைவைத்தியம்தான். யோசிக்கும் நேரத்தையும் தோல்வியை ஒப்புக்கொள்ளும் தருணத்தையும் நகர்வோடு சேர்த்தே கற்கும் மாடல் ஒன்றைக் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தார் உருவாக்கியிருக்கிறார்கள். அதன் பெயர் ஆலி. கடிகாரம் முக்கியம் என்றால் அதைப் பாருங்கள்.

அடுத்த ஓட்டை எண்ட்கேம். தேடல் இல்லாத வலைக்கு, வென்ற நிலையை முடிக்கத் தெரியாது. தனி ராஜாவுக்கு எதிராக யானையை வைத்துக்கொண்டு அங்குமிங்கும் நடந்து 50 நகர்வு விதியில் டிரா ஆக்கும். கையில் வெற்றி இருக்கும்போது மூன்று முறை நிலையைத் திருப்பிவிடும். பிஷப்பும் குதிரையும் வைத்து மேட் செய்யத் திணறினால் அது மனிதத்தனம், அந்த மேட்டில் நல்ல ஆட்டக்காரர்களும் திணறுவார்கள். ராணியை வைத்துத் திணறினால் அது மனிதத்தனமாகாது. ஆகவே எதிராளியிடம் தனி ராஜா மட்டும் இருந்து, நம்மிடம் ராணியோ யானையோ இருந்தால், ஆழம் கட்டிய ஸ்டாக்ஃபிஷிடம் ஒப்படைத்துவிடுங்கள். சில காய்களே உள்ள நிலைகளுக்கு விடையை முன்கூட்டியே கணித்து வைத்திருக்கும் சிசிஜி டேபிள்பேஸை மட்டும் எந்த இடத்திலும் இணைக்க வேண்டாம். ஏழு காய் நிலைகளில் துல்லியமாக ஆடும் 1400 யாரும் இல்லை.


கோட்டைக்காவலன்

எல்லாரும் கீழ்மட்டத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். உச்சத்தில் இந்தக் கேள்வியே வேறு. 1997இல் உலகச் சாம்பியன் காஸ்பரோவ் ஐபிஎம்மின் டீப் ப்ளூ இயந்திரத்தோடு ஆடிய இரண்டாவது ஆட்டத்தில், 36, 37ஆவது நகர்வுகளில், ராணியை உள்ளே கொண்டுபோய்ச் சிப்பாய்களை வெல்லும் வழியை விட்டுவிட்டு, எதிர்த்தாக்குதலுக்கு இடம் தராத அமைதியான நகர்வுகளை அந்த இயந்திரம் ஆடியது. பின்னால் ஒரு மனிதர் இருக்கிறார் என்று காஸ்பரோவ் சந்தேகப்பட்டார். விநாடிக்குச் சுமார் 20 கோடி நிலைகளைத் தேடும் இயந்திரம், வெறும் தேடலிலேயே மனிதரைப் போலத் தெரிந்தது. 2017இல் ஆல்ஃபாஜீரோ என்ற எஞ்சின் விநாடிக்கு 80,000 நிலைகளை மட்டும் பார்த்து, தாக்குதலுக்காகச் சிப்பாய்களைக் கொடுத்து ஆடியபோதும் 'மனித ஆட்டம்' என்றுதான் பலரும் எழுதினார்கள். அது மனித ஆட்டம் ஒன்றைக்கூடப் பார்க்காமல் கற்றது.

ஆகவே ஒரு நகர்வை வைத்தோ, ஓர் ஆட்டத்தை வைத்தோ மனிதத்தனத்தை முடிவுசெய்யாதீர்கள். 2000க்கு மேலே போனால் ஒரு நோடு மாயா உதவாது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். அந்த மட்டத்து மனிதர்கள் உண்மையிலேயே நான்கைந்து நகர்வு கணக்கிடுகிறார்கள். தேடலே இல்லாத வலை அந்தக் கணக்கைப் பாவனைதான் செய்யும், கூரான காம்பினேஷன் வந்ததும் விழுந்துவிடும்.

ஒரு குறிப்பிட்ட ஆட்டக்காரரின் பாணி வேண்டும் என்று யாராவது கேட்பார்கள். அந்த ஒருவரின் ஆட்டங்கள் சில ஆயிரமாவது இருந்தால் மாயாவை அவருக்கேற்ப மறுபயிற்சி செய்யலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆட்டக்காரர் மார்ஃபியின் பதிவான ஆட்டங்கள் சில நூறுதான். அதை வைத்து 'மார்ஃபி எஞ்சின்' என்று யாராவது கொடுத்தால் அதில் ஓப்பனிங் மட்டும்தான் மார்ஃபியுடையது.


கறுப்புக்குதிரை

நால்வருக்கும் நன்றி. மாயா-2இல் ரேபிட் மாடலை எடுத்து, 5 சதவீத வெட்டோடு குலுக்குவது என்று தொடங்குகிறேன். கோட்டைக்காவலன் சொல்வதுபோல் ஓர் ஆட்டத்தை வைத்து முடிவுசெய்ய முடியாது என்றால், அமைப்பு சரியா என்று எப்படி அளப்பது? சராசரி சென்டிபான் (ஒரு சிப்பாய் மதிப்பில் நூறில் ஒரு பங்கு) இழப்பை 1400காரர்களோடு ஒப்பிட்டால் போதுமா?


நிரல்வாணன்

போதாது. நல்ல ஆட்டத்தின் நடுவே ஒரு ராணியைத் தூக்கிப்போட்டாலும், நகர்வுக்கு நகர்வு சிறிது சிறிதாக இழந்தாலும் சராசரி ஒன்றே வரும். பழைய ஸ்டாக்ஃபிஷ் லெவல் 3 இந்தச் சோதனையில் தாராளமாகத் தேறிவிடும்.

சென்டிபானுக்குப் பதில் வெல்லும் வாய்ப்பில் அளங்கள். லிச்செஸ் பயன்படுத்தும் சூத்திரப்படி +800இலிருந்து +500க்கு இறங்கினால் வெல்லும் வாய்ப்பு 95இலிருந்து 86க்குத்தான் குறையும். +150இலிருந்து −150க்கு இறங்கினால் 63இலிருந்து 37க்கு விழும். இரண்டும் 300 சென்டிபான்தான். இரண்டாவதுதான் ஆட்டத்தைத் திருப்பும் தவறு. வாய்ப்பு 10 புள்ளிக்கு மேல் குறைந்தால் பெரும்பிழை என்று வைத்துக்கொள்ளுங்கள். மாயா ஆய்விலும் இந்த அளவுதான்.

பிறகு லிச்செஸ் பொதுத் தரவிலிருந்து ஒரு மாதக் கோப்பை இறக்கி, இருவருமே 1350க்கும் 1450க்கும் இடையில் உள்ள ரேபிட் ஆட்டங்களில் ஆயிரத்தைப் பிரித்தெடுங்கள். நகர்வுகளோடு கடிகார நேரமும் அதிலேயே இருக்கும். இரு தரப்பிலும் முதல் ஐந்து நகர்வுகளையும் 30 விநாடிக்குக் கீழ்ப்பட்டவற்றையும் தள்ளிவிடுங்கள். பயிற்சிக்கு எடுத்த மாதத்தையே சோதனைக்கும் எடுத்தால் எண் பொய்யாக உயரும். மாடல் வெளியான பிறகு வந்த மாதத்தை எடுங்கள்.

ஒவ்வொரு நிலையிலும் மூன்று விஷயம் பதியுங்கள். மனிதர் ஆடிய நகர்வுக்கு உங்கள் புரோகிராம் கொடுத்த சதவீதம் முதலாவது. அங்கே மனிதர் பெரும்பிழை செய்தாரா, உங்கள் புரோகிராம் செய்ததா என்பது இரண்டாவது. மூன்றாவதுதான் பலரும் விடுவது: அந்த நிலை எவ்வளவு கடினம். ஸ்டாக்ஃபிஷை நான்கு நகர்வுகள் காட்டும்படி ஓட்டி, பெரும்பிழை ஆகாத நகர்வு அவற்றில் எத்தனை என்று எண்ணினால் கடினத்துக்குத் தோராயமான அளவு கிடைக்கும். மொத்தப் பிழை விகிதம் பொருந்துவது எளிது. ஒரே ஒரு நல்ல நகர்வு உள்ள நிலைகளிலும், நான்கும் நல்லவையாக உள்ள நிலைகளிலும் தனித்தனியாக மனிதர் விகிதத்தோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். தற்செயலாகக் காய் கொடுக்கும் எஞ்சினின் பிழைகள் எளிய நிலைகளில் குவிந்து உடனே அம்பலமாகும். எளிய நிலையில் உங்கள் விகிதம் மனிதரைவிட அதிகம் என்றால் வெட்டு வரம்பை 5இலிருந்து 8க்கு ஏற்றுங்கள். கடின நிலையில் குறைவு என்றால் கொடுக்கும் ரேட்டிங்கை இறக்குங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்ற வேண்டாம், எது எதைச் சரிசெய்தது என்று தெரியாமல் போகும்.

திருப்பி வெட்டும் நிலைகளைத் தனியாக எடுத்துவைப்பதும் நல்லது. எதிராளி இப்போதுதான் வெட்டிய கட்டத்தில் திருப்பி வெட்டுவது ஒன்றே சரி என்றிருக்கும் நிலைகள் மட்டும். அங்கே மனிதர் பிழை விகிதம் மிகக் குறைவாக இருக்கும். உங்களுடையதும் அப்படியே இருக்க வேண்டும்.


பிஷப்ஜோடி

அந்தச் சோதனையில் குலுக்கலை ஒருமுறை மட்டும் செய்யாதீர்கள். மாயா-2 எல்லா நகர்வுகளுக்கும் நிகழ்தகவு தருகிறது. வெட்டு வரம்புக்குப் பிறகு எஞ்சியவற்றில் பெரும்பிழையான நகர்வுகளின் சதவீதத்தைக் கூட்டினாலே அந்த நிலையின் பிழை வாய்ப்பு நேராகக் கிடைக்கும். தற்செயலால் வரும் ஏற்ற இறக்கம் இருக்காது, ஆயிரம் ஆட்டமே போதுமானதாகிவிடும். ஒவ்வொரு நகர்வையும் ஸ்டாக்ஃபிஷில் மதிப்பிட வேண்டியிருக்கும். 5 சதவீத வெட்டுக்குப் பிறகு ஒரு நிலைக்கு ஏழெட்டுக்கு மேல் மிஞ்சுவது அரிது என்பதால் அதிக நேரம் எடுக்காது. ஆழம் 14, 15 போதும்.